சட்டை மாட்டும்போது முறிந்த கை

போன வாரம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போய்ச் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். என்னை அழைத்துப்போன தங்கை மகள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ரிட்டையரான நர்ஸுக்கு இவ்வளவு ரோஷமா என்று கேட்கிறாள். ஆமாம், இவ்வளவு ரோஷம்தான்.

நல்ல வீடு. வாசலில் கார், ஹாலில் ரேடியோகிராம், ஜன்னலுக்கெல்லாம் தரை வரை தொங்கும் தடித்த திரை. வீட்டுக்காரருக்கு பேங்கில் வேலை. அவருடைய ஐந்து வயதுப் பையனுக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது, கழுத்தும் சரியாக நிற்காது. அவனை உள்ளறையில் படுக்க வைத்திருந்தார்கள். இடது கையில் மாவுக்கட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஆயா செஞ்ச வேலை ஆன்டி," என்றார் வீட்டுக்காரர். "பக்கத்துல சுங்கை வேயிலேருந்து ஒரு அம்மா வந்துக்கிட்டு இருந்திச்சி. குளிப்பாட்டுறப்ப கைய ஒடிச்சிருச்சி. கேட்டா, நான் ஒண்ணும் செய்யலன்னு அழுவுது. அன்னைக்கே நிறுத்திட்டோம். போலீஸ்ல சொல்லலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கோம் லா."

"பையன வெளிய கொண்டு போறதுண்டா?"

"எப்படி ஆன்டி? வெயிலு ஒத்துக்காது. அதோட அக்கம்பக்கத்துல ஒரே பார்வை. திரையக்கூட நாங்க தொறக்குறதில்ல."

அந்த அம்மாளின் பெயர் என்ன என்று கேட்டேன். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க ஆயான்னுதான் கூப்பிடுவோம்," என்றாள் மனைவி. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பையனின் எலும்பை முழுக்கப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இதே அறையையும் இதே மாவுக்கட்டையும் இதே பேச்சையும் முப்பது வருடங்களுக்கு முன்னால் பார்த்துவிட்டேன். வார்டில் இருந்த காலத்தில் சின்ன நர்ஸுகளிடம் இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னது காற்றோடு போய்விடுகிறது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு ரவாங்கில் ரயில்வே வேலை. கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி நர்ஸாகச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், அந்தக் கட்டடமே இப்போது இல்லை. முதலில் கழிவுச் சட்டி கழுவினேன். பிறகு கருவிகளை வேகவைத்தேன். பிறகு நாடி பிடிக்கவும் கட்டுப் போடவும் கற்றேன். தமிழர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் துரைமார்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதையும் என் தலையில் கட்டினார்கள். நோயாளிகளுக்கு நான் 'மிஸ்ஸி'. நர்ஸுகள் எல்லோருமே அவர்களுக்கு மிஸ்ஸிதான்.

குழந்தைகள் வார்டு மேட்ரனின் ராஜ்யம். ஆங்கிலேயப் பெண்மணி, நாற்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தவே மாட்டார். படுக்கை விரிப்பின் மூலையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். அது சரியில்லை என்றால் விரிப்பை உருவிக் கீழே போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நாம் மறுபடி விரிக்க வேண்டும். பிள்ளைகளைத் தொடுவதற்கு முன்னால் தம் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். எங்களையும் அப்படிச் செய்ய வைத்தார். குளிர்ந்த கையால் குழந்தையைத் தொடுபவள் நர்ஸ் இல்லை என்பார். அவரிடம் நான் கற்ற வேலைதான் கடைசி வரை எனக்குச் சோறு போட்டது. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அவருக்கு வெயில் என்றால் எமன். வார்டிலிருந்து தம் அறைக்கு நடக்கும் நான்கு எட்டுக்கும் குடை பிடிப்பார். வேறொரு சூடான தேசத்தில் தம் தோழி ஒருத்தி வெயில் தாக்கிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவராம். இந்த நாட்டு வெயில் மண்டைக்குள் இறங்கி மூளையைக் கெடுத்துவிடும் என்று உறுதியாக நம்பினார். அந்தக் காலத்துத் துரைமார்கள் பெரும்பாலோர் அப்படித்தான் நம்பினார்கள். எங்கள் வார்டைச் சுற்றிப் பச்சைச் சாயம் பூசிய மூங்கில் தட்டிகள் தொங்கின. காலைக் கஞ்சி முடிந்ததும் தட்டியை இறக்க வேண்டும். சூரியன் மறையும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது. வார்டு நாள் முழுக்கப் பாசி பிடித்த குளம் போல மங்கிக் கிடக்கும்.

வார்டின் உள்கோடியில், துணி அலமாரிக்குப் பக்கத்தில், நான்கைந்து கட்டில்கள் போட்டிருந்தோம். நடக்க வராத பிள்ளைகளும் உட்கார வராத பிள்ளைகளும் கைகால் விறைத்த பிள்ளைகளும் அங்கேதான் கிடப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் சங்கடப்படக் கூடாதாம். மற்றப் பிள்ளைகளாவது கொஞ்சம் தேறியதும் தட்டிக்கு வெளியே ஓடிப்போய் ஏச்சு வாங்குவார்கள். இந்தப் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்?

அப்போது புத்தகங்கள் என்ன சொல்லின தெரியுமா? எலும்பு மெலிந்து வளையும் நோய் குளிர் தேசத்து நோய். புகை மூடிய ஊர்களில் வெயில் படாத பிள்ளைகளுக்கு வருவது. மலாயாவில் வெயிலுக்கு என்ன பஞ்சம், இங்கே அது வராது. தெருவில் ஓடுகிற பிள்ளைக்கு வராது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஓட முடியாத பிள்ளையை யார் கணக்கில் சேர்த்தார்கள்? 

பாக்கியம் அப்படிப்பட்ட பிள்ளை. ஆறு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போல ஒன்றின் மேல் ஒன்று விறைத்திருக்கும். பேச்சு அதிகம் வராது. சிரிப்பு மட்டும் தாராளமாக வரும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அஞ்சலை. கிள்ளான் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவளை, மனைவியை இழந்த ஒரு ரயில்வேக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்திருந்தார்கள். அவள் வந்த வீட்டில் மூத்தாளின் பெண்கள் இருவர் இருந்தார்கள். பெரியவள் கல்யாண வயதில் இருந்தாள். சின்னவள்தான் பாக்கியம்.

பிள்ளையின் வலது மேல்கை முறிந்து தொங்கியது.

"சட்டை போட்டேன் மிஸ்ஸி," என்றாள் அஞ்சலை.  "குளிப்பாட்டித் தொடச்சி, கைய சட்டைக்குள்ள வுட்டேன். டப்புனு ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் இழுக்கக்கூட இல்ல."

மேட்ரன் என்னைப் பார்த்து, இவள் தாயா என்று கேட்டார். சித்தி என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. எல்லா ஊர்க் கதைகளிலும் சித்தி ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்ததில் தோள்பட்டையின் காறை எலும்பில் தானாக ஆறிப்போன பழைய விரிசல் ஒன்றும் தெரிந்தது. பெரிய டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது முதல் தடவை இல்லை," என்றார் மேட்ரன்.

போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸுக்கு இரண்டு மாத்தா, அதாவது போலீஸ்காரர்கள், போய் விசாரித்தார்கள். அந்த வீட்டு வரிசை முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அஞ்சலையின் புருஷன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் வேலையில இருந்தேன். புள்ள அவகிட்டதான் இருந்திச்சி." பெற்ற தகப்பன் இப்படிக் கை கழுவினான். அது பொய்யில்லை. பிள்ளை எப்போதும் அவளிடம்தான் இருந்தது. அவன் ஒரு நாளும் தொட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அஞ்சலை வார்டுக்குள் வரக் கூடாது என்று மேட்ரன் உத்தரவு போட்டார். அவள் கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பாக்கியம் யார் கொடுத்தாலும் வாயைத் திறக்காது. கேட்டுக்கு வெளியே இருப்பவள் கொடுத்தால் குடிக்கும், ஆனால் அவள் உள்ளே வரக் கூடாது! இப்படி ஒரு நியாயம்.

நான் அந்தப் பிள்ளையின் உடம்பைத் துடைத்தவள். ஆறு வருடம் படுத்தே கிடந்த பிள்ளை, முதுகில் ஒரு படுக்கைப்புண் இல்லை. விறைத்த தொடைகளுக்கு நடுவில் தோல் சிவக்கவில்லை. கழுத்து மடிப்பில் அழுக்கில்லை, தலையில் பேன் இல்லை. எங்கள் வார்டிலேயே அப்படி வைத்துக்கொள்ள நாங்கள் திணறுவோம். அடித்து நொறுக்குகிறவள் மடிப்பு மடிப்பாகத் துடைத்துப் பவுடர் போடுவாளா? இதை மேட்ரனிடம் சொன்னேன். "உன்னிடம் கேட்கவில்லை, நர்ஸ்," என்றார். முகத்தில் அடித்தாற்போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் நேரில் வரப்போவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள் காலை அது நடந்தது. புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பெண்களை மேட்ரன் பாக்கியத்தின் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்தார். விறைத்த கால் உள்ள பிள்ளைக்குத் துணி மாற்றுவது எப்படி என்று செய்து காட்டப் போகிறார்.

"அந்தப் பெண்மணி கையாண்டது போல அல்ல," என்று தொடங்கினார். "நாம் கையாள வேண்டியது போல."

எப்போதும் போலக் கைகளைத் தேய்த்துச் சூடாக்கினார். முறிந்த கை மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முதலில் அந்தப் பக்கம் ஒரு தலையணையை அணைத்தார். காலைப் பிரிக்க ஒரு நாளும் பாதத்தைப் பிடிக்கக் கூடாது, பாதத்தைப் பிடித்தால் விறைப்பு கூடும். ஒரு கையை முழங்காலுக்கு அடியில் கொடுக்க வேண்டும். இன்னொரு கையைத் தொடைக்கு அடியில் விரித்து வைக்க வேண்டும். முதலில் முழங்காலை மடக்கி, பிள்ளை மூச்சு விடும் வரை காத்திருந்து, விறைப்பு தளரும்போதுதான் மெல்ல வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்தார். பாக்கியம் அவரைப் பார்த்துச் சிரித்தது. இவ்வளவு பேர் தன்னைச் சுற்றி நிற்பது அதற்குப் பெரிய சந்தோஷம்.

முழங்காலைச் சாய்த்தார். முருங்கைக் கிளை ஒடிவது போல ஒரு சத்தம்.

பிள்ளையின் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.  மேட்ரனின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் கையை எடுக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். முறிந்த தொடையைத் தாங்கிப் பிடித்தபடியே, "டாக்டரைக் கூப்பிடுங்கள்," என்றார். குரல் உயரவில்லை.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். தொட்டுப் பார்த்தார். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டார்.

மேட்ரன் நிமிர்ந்து நின்றார். "இது முன்பே விரிசல் விட்டிருக்க வேண்டும், டாக்டர். அந்தப் பெண்மணியின் வேலை."

என்ன நெஞ்சழுத்தம்! தம் கையில் முறிந்ததையும் கேட்டுக்கு வெளியே இருக்கிறவள் தலையில் கட்டுகிறார். பயிற்சிப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும், அஞ்சலைக்கும் ஒரு பிரயோசனம் இருந்திருக்காது. மேட்ரன் கற்றுக்கொடுத்த குரலிலேயே பேசினேன்.

"டாக்டர், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேட்ரன் மேல் ஒரு தப்பும் இல்லை. பாதத்தைத் தொடவில்லை. இழுக்கவில்லை, முறுக்கவில்லை. பிள்ளை தளரும் வரை காத்திருந்தார். இந்த ஆஸ்பத்திரியில் இதைவிட மென்மையாக ஒரு பிள்ளையைத் தொட யாராலும் முடியாது. அப்படித் தொட்டும் முறிந்துவிட்டது. அப்படியானால், சட்டை மாட்டியவள் மட்டும் என்ன செய்திருப்பாள்?"

மேட்ரன் என் பக்கம் திரும்பினார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. பாராட்டித்தான் சொன்னேன். அதுதான் அவரைக் கட்டிப்போட்டது. தாம் கையாண்டது சரி என்றால் அஞ்சலை கையாண்டதும் சரிதான். அஞ்சலை குற்றவாளி என்றால் அதே கூண்டில் தாமும் நிற்க வேண்டும்.

 டாக்டர் அந்தப் பழைய எக்ஸ்ரே தட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடித் தட்டைப் பிடித்து வெளிச்சம் தேடினார். வார்டில் ஏது வெளிச்சம்? தாமே போய்க் கயிற்றை இழுத்து மூங்கில் தட்டியைச் சுருட்டி மேலே ஏற்றினார்.

காலை வெயில் உள்கோடி வரை வந்து விழுந்தது. வலியில் முனகிக்கொண்டிருந்த பாக்கியம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியது. கண் கூசியது, ஆனாலும் மூடவில்லை. டாக்டர் தட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இந்தத் தடவை முறிவை விட்டுவிட்டு மற்ற எலும்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் புகை போல மங்கியிருந்தது. மணிக்கட்டில் எலும்பின் ஓரம் நைந்த துணி போலப் பிரிந்திருந்தது.

"முறிவைப் பார்த்தேன்," என்றார் மெதுவாக. "எலும்பைப் பார்க்கவில்லை."

அவர் சீமையில் ஆலைப் புகை சூழ்ந்த ஊரில் வளர்ந்தவராம். வளைந்த காலோடு தெருவில் நடக்கும் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பார்த்தவர். அங்கே என்றால் தொட்டவுடனே சொல்லியிருப்பாராம். இங்கே, சூரியன் காயும் தேசத்தில், அது தோன்றவே இல்லை. கையில் தட்டியின் கயிறு இன்னும் இருந்தது. அதைப் பார்த்தார். உள்கோடிக் கட்டில்களைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை வெயிலில் இருந்து எவ்வளவு காலம் ஆகிறது? அவளைக் கேட்டு வா."

நான் கேட்டுக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் அஞ்சலை எழுந்தாள். கால் முறிந்த செய்தியையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னேன். வயிற்றில் அடித்துக்கொண்டாள். யார் கையில் முறிந்தது என்று அவள் கேட்கவே இல்லை. வலிக்கிறதா, அழுகிறதா என்றுதான் கேட்டாள். பிறகு வெயிலைப் பற்றிக் கேட்டேன்.

"நான் அந்த வூட்டுக்குப் போனதுலேருந்து வெளிய எடுத்ததே இல்ல மிஸ்ஸி. எடுக்க வுட மாட்டாரு. பெரிய பொண்ணப் பாக்க ஆளுங்க வருவாங்க, இத வெளிய காட்டாதன்னுவாரு. அடுப்படிக்குப் பின்னால ஒரு ரூமு, அதுல சன்னலும் அடைச்சிருக்கும். கண்ணு பட்டுரும், கறுத்துப்போவும்னு பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க வேற. தோட்டத்துல வேலைக்குப் போறப்ப வுட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகையில புள்ளைங்க எல்லாம் வெளியிலதான் கெடக்கும் மிஸ்ஸி. இதுக்கு மட்டும் ஏன் இருட்டுன்னு நானும் கேட்டேன். நீ நேத்து வந்தவ, வாய மூடுன்னாரு."

மேட்ரன் வெயிலுக்குப் பயந்து தட்டியை இறக்கினார். தகப்பன் ஊர் வாய்க்குப் பயந்து ஜன்னலை அடைத்தான். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு பேர், சொல்லி வைத்தாற்போல ஒரு பிள்ளையை இருட்டில் போட்டார்கள். எலும்பு மாவாகிப் போனதும் தூக்கியவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று தொடைக்கு மாவுக்கட்டுப் போட்டோம். இப்போது கட்டு தயாராகப் பாக்கெட்டில் வருகிறது. அப்போது நாங்களே செய்ய வேண்டும். வலைத்துணியை நீளமாக விரித்து, சுண்ணப்பொடியைக் கையால் தேய்த்து ஏற்றி, இறுக்காமல் சுருட்ட வேண்டும். இறுக்கிச் சுருட்டினால் நடுவில் தண்ணீர் ஏறாது. வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி நின்ற பிறகு எடுத்து, இரண்டு முனையையும் பொத்திப் பிழிந்து கொடுக்க வேண்டும். நான் பிழிந்து கொடுக்க, டாக்டர் சுற்றினார். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். டாக்டர் மேட்ரனைக் கூப்பிடவில்லை. "அந்தத் தாயை உள்ளே வரச் சொல்," என்றார்.

தாய் என்றுதான் சொன்னார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

அஞ்சலை பிடித்துக்கொண்டாள். பாக்கியம் அவள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தது. எலும்பு தேற டாக்டர் எழுதிக்கொடுத்த மீன் எண்ணெய்க்கும் அன்றிலிருந்து அவள்தான் பொறுப்பு. நாங்கள் கொடுத்தால் முகத்தில் துப்பிவிடும் பிள்ளை. அஞ்சலை புளியையும் உப்பையும் பிசைந்து நாக்கில் தடவி, பின்னாலேயே எண்ணெயை ஊற்றுவாள். உள்கோடிக் கட்டில்களைக் காலையில் வராந்தாவுக்குத் தள்ள உத்தரவு வந்தது. மேட்ரன் கீழ்ப்படிந்தார். ஆனால் ஒவ்வொரு பிள்ளை தலைக்கும் ஒரு தொப்பி மாட்டிவிட்டார். அதைக்கூட மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. கால் முறிந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கேஸ் இல்லை என்று டாக்டர் சொன்னார். இன்ஸ்பெக்டர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அஞ்சலையிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் மேல் தப்பில்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன். மேட்ரன் அவளைத் தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்தபடி போனார். பழி சுமத்த இரண்டு மாத்தா பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்களே, பழி நீங்கியது என்று சொல்ல ஒருத்தராவது போனார்களா? வரிசை முழுக்க அவளுக்கு 'எலும்ப முறிச்சவ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் அவள் பக்கத்தில் குடம் வைக்க மாட்டார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் காலையில் பிள்ளையை வெயிலில் உட்கார வைக்க வேண்டும் என்று டாக்டர் தகப்பனிடமே சொன்னார். நான் தமிழில் அழுத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டினான். அந்த ஆட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் என் லீவு நாளில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன்.

அந்தக் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் சாக்கடைச் சந்து, நாள் முழுக்க நிழல். வெயில் விழுவது முன்வாசலில் மட்டும். வரிசை முழுக்கப் பார்க்கிற இடம். அங்கே பாயை விரித்து, பாக்கியத்தை மடியில் சாய்த்து, கைகாலை நீட்டி விட்டபடி அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். புருஷன் வாசற்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள தூக்கிட்டுப் போ. பத்து மணிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. என் மானத்த வாங்காத."

"வரட்டும். வந்து பாத்துட்டுப் போவட்டும்," என்றாள் அஞ்சலை. எழுந்திருக்கவில்லை.

குடத்தோடு போன ஒருத்தி நின்றாள். என் வெள்ளை உடுப்பைப் பார்த்தும் அடங்கவில்லை. "எலும்ப முறிச்சது பத்தாதுன்னு இப்ப புள்ளய வெயில்ல போட்டு வாட்டுறா பாரு. சித்தின்னா சும்மாவா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அஞ்சலை பேசிவிட்டாள். அவளிடமா, புருஷனிடமா, அந்த வரிசைக்கே சேர்த்தா, தெரியவில்லை.

"பேரு கெட்டுப்போவும்னுதானே இத்தன வருசம் இத இருட்டுல வச்சீங்க? என் பேருதான் கெட்டாச்சே. இனிமே கெடுறதுக்கு எனக்கு என்ன இருக்கு? முறிச்சவன்னு சொன்னீங்க, வாட்டுறவன்னும் சொல்லிக்கோங்க. நாளைக்கும் இங்கதான் உக்காருவேன். இவ எலும்பு நிக்கட்டும், எம்பேரு எப்படிப் போனா எனக்கென்ன?"

புருஷன் உள்ளே போய்விட்டான். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் பாயைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனார்கள். பெரியவளை அவர்களே கட்டிக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

பாக்கியம் நடக்கவில்லை. நடக்க வைக்க அந்த மருந்தால் ஆகாது, யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் நான் அறிந்த வரையில் அதன் எலும்பு மறுபடி முறியவில்லை. சாய்ந்து உட்காரப் பழகியது. கிள்ளானுக்குக் குடிபெயரும் வரை அஞ்சலை அந்த வாசலில்தான் அதை உட்கார வைத்தாள். மேட்ரன் தம் நாட்டுக்குத் திரும்பும்போது பிரிவு விருந்து நடந்தது. அவருடைய கருணையைப் பற்றிப் பலர் பேசினார்கள். நான் கை தட்டவில்லை.

இப்போது பெட்டாலிங் ஜெயாவுக்கு வருகிறேன். இன்று காலை அந்த பேங்க்காரர் போன் செய்தார். "ஆன்டி, நீங்க சொன்னது சரிதான். டாக்டர் படம் எடுத்துப் பாத்தாரு. பையன் எலும்பே ரொம்ப மெலிஞ்சிருக்காம், தொட்டாலே ஒடியுமாம். வெயில் படவே இல்லன்னு ஏசுனாரு. மருந்து குடுத்திருக்காரு. ரொம்ப தேங்ஸ் ஆன்டி."

"அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எந்த அம்மா?"

"உங்க ஆயா."

"ஓ. அதெல்லாம் எதுக்கு ஆன்டி? வேற ஆளு பாத்தாச்சு லா."

போனை வைத்துவிட்டு சுங்கை வேக்குப் போனேன். இரண்டு இடத்தில் விசாரித்ததும் வீடு கிடைத்துவிட்டது. 'புள்ள கைய ஒடிச்ச ஆயா' என்று கேட்டால் வழி காட்டுகிறார்கள். அவர் பெயர் காளியம்மா. வயது அறுபது இருக்கும். அந்த வட்டாரத்தில் யாரும் இப்போது அவரிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தம் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் ஒடிக்கலையா மிஸ்ஸி?" என்று கேட்டார். அவரையே நம்ப வைத்துவிட்டார்கள், பாவிகள்.

நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகலாம், அவர்கள் வாயாலேயே சொல்லட்டும் என்றேன். காளியம்மா தயங்கினார். "பின்பக்கமா போவோம் மிஸ்ஸி. என்ன அந்த வழியாத்தான் உள்ள வுடுவாங்க."

இல்லை என்று சொல்லிவிட்டேன். முன்வாசலுக்குத்தான் போகிறோம். அக்கம்பக்கம் எல்லாம் வெளியே நிற்கிற நேரமாகப் பார்த்து, காலையில், நல்ல வெயிலில் போகிறோம்.